நானூற்றுப் பன்னிரண்டு பச்சை, ஒன்று சாம்பல்

மார்னி உள்ளே வந்தபோது நைரீ சுவரில் இருந்த பெரிய திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"டூகல், இந்தச் சாம்பல் என்னது?"

டூகல் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தான். "அதுவா? அது ரொம்ப நாளா இருக்கு நைரீ. குடும்பத்துல ஒருத்தரா ஆயிடுச்சு. வர்ற கிறிஸ்மஸுக்கு அதுக்கும் ஒரு பரிசு வாங்கணும்னு இருக்கேன்."

நைரீ சிரிக்கவில்லை. டூகல் பேசி அவள் சிரிக்காமல் இருப்பது அபூர்வம்.

திரையைப் பார்க்காமலே மார்னிக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு பச்சை, ஒன்று சாம்பல். ஐந்து மாதமாக ஒவ்வொரு காலையும் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, பார்க்காதவளைப் போலத் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர்கள் குழு செய்வது நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கடிதம் அனுப்பும் மென்பொருள். அதில் எதைச் சேர்ப்பதானாலும் மாற்றுவதானாலும் முதலில் ஒரு கேள்வியை எழுதி வைப்பார்கள். வெலிங்டனில் பத்து மணி என்றால், கடலுக்கு நடுவே முக்கால் மணி நேரம் முந்தி ஓடும் சாத்தம் தீவில் எத்தனை மணி? இயந்திரம் சரியான பதிலைச் சொன்னால் அந்தக் கேள்வி திரையில் பச்சையாகும். தவறினால் சிவப்பு. சிவப்பை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வெளியே அனுப்பக் கூடாது. மூன்றாவதாக ஒரு நிறமும் இருந்தது. கேள்விக்கு மேலே ஒரே ஒரு சொல்லை எழுதினால் போதும், இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். கேட்கவே கேட்காது. அதுதான் சாம்பல்.

"எல்லாரும் கொஞ்சம் வாங்க," என்றாள் நைரீ. கையில் இரண்டு கடிதங்களின் நகல் இருந்தது. "சாத்தம் தீவு நர்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கா. அங்கேருந்து எனக்கு வந்திருக்கு. நோலின் பார்ஜிட்டர், எழுபத்தோரு வயசு. இடுப்பு ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் வீடியோவுல பார்க்கணும். டாக்டருக்கு இங்கே பத்து மணி. தீவுல பத்தே முக்கால். நம்ம லெட்டர் பதினொன்றரைன்னு சொல்லுது."

"முக்கா மணி நேரத்தை ரெண்டு தடவை கூட்டியிருக்கு," என்றான் டூகல்.

"ஆமா. ஜனவரியில ஒரு தடவை, மார்ச்சுல ஒரு தடவை. ரெண்டு தடவையும் அந்தம்மா லெட்டர்ல இருந்த நேரத்துக்குக் கரெக்டா டேப்லெட் முன்னாடி உக்காந்திருக்காங்க. டாக்டர் எப்பவோ போயிட்டார். ரெண்டு தடவை வரலைன்னா ஆபரேஷன் லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. எடுத்துட்டாங்க."

"வேற யாருக்கும் போகலையா?"

"மொத்தம் ஒன்பது லெட்டர். மத்த ஏழையும் நர்ஸே பேனாவால அடிச்சு மாத்திக் கொடுத்திருக்கா. 'உங்களுக்கு எங்க நேரம் என்னைக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னு எழுதியிருக்கா, படிச்சுப் பாரு. நோலின் தீவோட அந்தக் கோடியில இருக்காங்க. அவங்களுக்கு நேரா தபால்ல போயிடுச்சு." நைரீ அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள். "ரெண்டு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள சரி பண்ணணும். யாரு உக்கார்றீங்க?"

"நானும் மார்னியும்," என்றான் ஃபெலெட்டி. "அந்த இடம் எங்களுக்குத்தான் தெரியும். வா சிஸ்."

ஃபெலெட்டி டோங்கா தீவுக்காரன். பக்கத்து ஊரான போரிருவாவில் வீடு. இரண்டு ஆள் அகலத்துக்கு இருப்பான். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல். திரையில் ஒரு கேள்வி பச்சையானால் அவனை அறியாமல் ஒரு முனகல் வரும், அந்த வரிசை முழுக்கக் கேட்கும். ஜூன் மாதத்திலிருந்து புதிய குழு ஒன்றுக்கு அவன்தான் தலைவன் என்று போன வாரம்தான் முடிவாகியிருந்தது. அவன் அம்மா அதற்குள் சர்ச் முழுவதும் சொல்லிவிட்டார். பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவில் அதை அறிவித்ததாக அவனே தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

அந்த அலுவலகத்தில் யாரும் தனியாக எழுதுவதில்லை. இரண்டு பேர், ஒரு திரை, ஒரு விசைப்பலகை. ஒருவர் எழுத மற்றவர் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்து மாறிக்கொள்வார்கள். எழுதி முடித்ததைப் பதிவேட்டில் சேர்க்கும்போது இருவர் பெயரையும் போட வேண்டும். போட மறந்தால், யாருடைய கணினியோ அவர் பெயர் மட்டும் பதிவாகும்.

ஃபெலெட்டி தன் கணினியில் அந்தச் சாம்பல் கேள்வியைத் திறந்தான். கேள்விக்கு மேலே அந்த ஒற்றைச் சொல். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'திங்கட்கிழமை சரிசெய்ய வேண்டும்.'

"எந்தத் திங்கட்கிழமை?" என்றான் ஃபெலெட்டி. "யாரு இந்த மகாராசன்?"

அவன் ஒரு கட்டளையைத் தட்டினான். அந்தக் கட்டளையின் பெயருக்கே ஆங்கிலத்தில் பழி என்றுதான் அர்த்தம். எவரோ வேடிக்கைக்கு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் காட்டும்.

ஃபெலெட்டி. நவம்பர் 28, வெள்ளி. மதியம் 2:47.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்னி அவன் கையைப் பார்த்தாள். பெரிய கை. விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

"நானா?" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை மார்னிக்கு ஒரு நிமிடம் விடாமல் நினைவிருக்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அந்த முக்கால் மணி நேரக் கணக்கு மென்பொருளில் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து, "ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தா என்னைக்காவது ஒண்ணு பொய் சொல்லும்," என்றான் ஃபெலெட்டி. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அன்றைய வேலை. முதலில் கேள்வியை எழுதினார்கள். பிறகு சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். புதிய இடத்தில் கணக்கு வந்துவிட்டது. பழைய இடத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அப்போது ஃபெலெட்டியின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாக அழைப்பு வந்தது. பாதி தின்ற இறைச்சி பஃப்ஸை மேசையில் போட்டுவிட்டு ஓடினான். மணி இரண்டு இருபது.

மூன்று மணிக்கு அன்றைய மாற்றங்கள் எல்லாம் வெளியே போக வேண்டும். மார்னி அவன் கணினியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேள்வி சிவப்பாக இருந்தது. பழைய கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து செய்ததை அழித்துவிட்டு, கடைசியாகப் பச்சையாக இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் போதும். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து நின்று, இன்று எங்களிடமிருந்து ஒன்றும் வராது என்று நைரீயிடம் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அல்லது டூகலைக் கூப்பிட்டு உதவி கேட்க வேண்டும். டூகல் உதவுவான், கூடவே ஒரு வாரத்துக்குக் கிண்டலும் செய்வான்.

இருபத்தேழு நிமிடம் அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு அந்தச் சொல்லையும் பக்கத்தில் அந்தக் குறிப்பையும் எழுதினாள். சிவப்பு சாம்பலானது. பதிவேட்டில் சேர்த்தாள். பெயர் போடும் இடத்தில் ஒன்றும் போடவில்லை. அது மறதியா இல்லையா என்பதைத்தான் ஐந்து மாதமாக அவளால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை ஃபெலெட்டி விடுப்பில் இருந்தான். அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். பிறகு டிசம்பர், பிறகு அந்த ஊரில் ஜனவரியில் வரும் கோடை விடுமுறை. கடற்கரையில் படுத்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் எதையாவது பார்த்தால் எழுந்து தண்ணீருக்குள் போய்விடுவாள்.

"சிஸ்," என்றான் ஃபெலெட்டி. "அன்னைக்கு நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன், ஞாபகம் இருக்கா? மூணு இருக்குமா?"

சொல்லியிருக்கலாம். இரண்டு இருபது என்று இரண்டே சொல். அவன் அவளைப் பார்த்துத்தான் கேட்டான், முகத்தில் சந்தேகமே இல்லை.

"சரியா ஞாபகம் இல்ல," என்றாள் மார்னி.

"எனக்கும் இல்ல. போன் வந்தது தெரியும், மோட்டார்வேல திட்டிக்கிட்டே போனது தெரியும். நடுவுல என்ன தட்டினேன்னு சத்தியமாத் தெரியல." அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "பேரு இருக்கே. மெஷின் பொய் சொல்லாது."

"பேரைப் பார்க்கக் கூடாதுன்னுதானே நம்ம ரூல்," என்றாள் அவள்.

அந்த விதி அவர்கள் குழுவில் எல்லோருக்கும் பெருமை. ஏதாவது கெட்டுப்போனால் எப்படி நடந்தது என்று மட்டும்தான் கேட்பார்கள், யார் என்று கேட்க மாட்டார்கள். கூட்ட அறைக் கதவில் நைரீயின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'யார் என்று கேட்டாலும், பேரைச் சொன்னாலும், ஒரு வாரம் எல்லோருக்கும் டீ.' பயப்படாமல் உண்மையைச் சொல்வதற்காக வைத்த விதி. மார்னி அதை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சரிசெய்ய அவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தச் சொல்லை எடுத்தார்கள். கேள்வி சிவப்பானது. பழைய கணக்கு கடிதம் அச்சாகும் இடத்தில் ஒரே வரியாக உட்கார்ந்திருந்தது. ஃபெலெட்டி அதை அழித்தான். இந்த முறை இரண்டு பெயரையும் போட்டான். திரையில் நானூற்றுப் பதின்மூன்று பச்சை.

அவன் முனகவில்லை.

பன்னிரண்டு நிமிடம் என்று மார்னி நினைத்துக்கொண்டாள். அந்தத் திங்கட்கிழமை, அதற்கடுத்த திங்கட்கிழமை, அதற்கடுத்தது. எதிலும் பன்னிரண்டு நிமிடம் இருந்திருக்கும்.

"நான் அந்தம்மாகிட்ட பேசப் போறேன்," என்றான் ஃபெலெட்டி.

"ஆஸ்பத்திரி மன்னிப்பு லெட்டர் அனுப்பிடுச்சு, ஃபெலெட்டி. நம்ம வேலை இல்ல அது," என்றாள் நைரீ.

"லெட்டரா? நம்ம லெட்டரை நம்பித்தானே அவங்களுக்கு இந்தக் கதி."

நைரீ எண்ணை எழுதிக் கொடுத்தாள். சின்ன அறைக்குள் போனான். "நீயும் வா சிஸ், நான் உளறினா காலை மிதி," என்று மார்னியையும் அழைத்துக்கொண்டான். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான். நெடுநேரம் மணி அடித்தது.

"யாரு? கொஞ்சம் இரு, நடந்து வர வேணாமா?" என்றது ஒரு குரல்.

"மிஸஸ் பார்ஜிட்டர்?"

"நோலின்னே கூப்பிடு. யாருப்பா நீ?"

"என் பேரு ஃபெலெட்டி. டாக்டர் நேரம் போட்டு உங்களுக்கு லெட்டர் வருதே, அதை அனுப்புற கம்ப்யூட்டருக்கு எழுதுறவங்க நாங்க."

"அடடா, அதுக்கா? நான்தான்ப்பா மன்னிப்புக் கேக்கணும். ரெண்டு தடவை பெரிய டாக்டரைக் காக்க வெச்சுட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் காலண்டர்ல எல்லாம் அவரே எழுதிடுவார். இப்போ எனக்கு நேரங்காலமே பிடிபடல."

"இல்ல நோலின். லெட்டர்தான் தப்பு. அதுல இருந்த நேரத்துக்கு நீங்க கரெக்டா வந்தீங்க."

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. நோலின் அதை அதட்டினாள்.

"அப்போ எனக்கு மறதி இல்லையா?"

"இல்லவே இல்ல."

"என் பொண்ணு கிறைஸ்ட்சர்ச்சுல இருக்கா. மூளைக்கு டெஸ்ட் எடுக்கணும், என்கூட வந்துடும்மான்னு ஒரே பிடிவாதம். வீட்டை விக்கிறதைப் பத்திக்கூடப் பேசிட்டோம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அடுப்பை அணைச்சேனா அணைச்சேனான்னு தினம் மூணு தடவை எந்திரிச்சுப் போய்ப் பார்க்குறேன். இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு."

ஃபெலெட்டி கண்ணை மூடிக்கொண்டான். "அது என் தப்பு, நோலின். ஆஸ்பத்திரி மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல. நான்தான் அதைப் பார்க்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"சரி விடுப்பா. குரலைக் கேட்டாலே நல்ல பையன்னு தெரியுது."

மார்னி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலி மரம். அதன் கோடுகள் ஒரு கை அளவுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் ஒருத்தி. அந்த ஒரே அழைப்பில் இருவர் கேட்டு முடித்துவிட்டார்கள், அவளைத் தவிர.

மதியம் ஃபெலெட்டி சாப்பிடவில்லை. சூப்பு ஆறிப்போய் ஏடு கட்டியது.

"நைரீகிட்ட சொல்லிட்டேன்," என்றான். "அந்தத் தலைவர் வேலை எனக்கு வேண்டாம்னு. டூகல் பார்த்துக்கட்டும்."

"எதுக்கு? இதுக்காகவா?"

"எதைத் தட்டினோம்னே தெரியாதவன் ஆறு பேருக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்குறது? சிவப்பைப் பார்த்தா நில்லு, பின்னாடி போ, மறைக்காதேன்னு தினமும் நீட்டி முழக்குறவன் நானு. உன்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." சிரித்தான். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. பாதிரியார் மறுபடி அறிவிக்கணும்."

மார்னி எழுந்து கழிப்பறைக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். முகம் எப்போதும்போலச் சாதுவாக இருந்தது. அவளிடம் யாரும் எதையும் சந்தேகப்பட்டதில்லை. கூச்ச சுபாவம், அதிகம் பேச மாட்டாள், நல்ல பெண் என்பார்கள். பேசாமல் இருப்பதையே எல்லோரும் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டால் எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு மணிக் கூட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள். நைரீ வெள்ளைப் பலகையில் ஒரு கோடு இழுத்து, தேதிகளை எழுதிக்கொண்டே வந்தாள். நவம்பர் 28: கேள்வி நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 1: யாரும் திரும்பி வரவில்லை. ஜனவரி 20: முதல் கடிதம். எல்லாமே ஆளில்லாமல் தானாக நடந்தவைபோல இருந்தன.

"இங்கே," என்று நைரீ முதல் தேதியைத் தட்டினாள், "நம்ம வழக்கத்துல என்ன ஓட்டை?"

"சாம்பலை நாம எண்ணுறதே இல்ல," என்றான் டூகல். "அதுக்குப் பரிசு வாங்கணும்னு சொன்ன முட்டாள்தான் முதல் ஓட்டை. பேரு சொல்லலப்பா, டீ கேக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பல் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் தானாகவே சிவப்பாக மாற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நைரீ எழுதினாள். நல்ல யோசனைதான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றான் ஃபெலெட்டி. "ரூல் தெரியும். டீ போடுறேன், பரவாயில்ல. அந்த வரி என்னோ..."

"அது நான்," என்றாள் மார்னி.

தெற்குக் காற்று ஜன்னலை உலுக்கியது.

"என்ன? கேக்கல," என்றான் டூகல். "சத்தமாச் சொல்லு."

ஒருமுறை சொல்லவே அவளிடம் இருந்த தைரியமெல்லாம் தீர்ந்திருந்தது. இரண்டாவது முறைக்கு எதுவும் மிச்சமில்லை. எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நவம்பர் இருபத்தெட்டு. அது நான். ஃபெலெட்டி ரெண்டு இருபதுக்கே கிளம்பியாச்சு. நான் அவன் கம்ப்யூட்டர்ல தனியா இருந்தேன். சிவப்பா இருந்துச்சு. வந்து சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு அதைச் சாம்பலாக்கினேன். என் பேரையும் போடல."

டூகல் எதையோ சொல்ல வாயெடுத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டான்.

"மார்னி," என்றாள் நைரீ மெதுவாக. "அந்த மாதிரி ஒரு நிலைமையில யாரா இருந்தாலும்..."

"இல்ல," என்றாள் மார்னி. "என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அவள் ஃபெலெட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு கணம்தான் இருந்தது.

"அன்னைக்கு நடந்ததை விடு," என்றான். "நீ புதுசு. நான் உன்னைப் பாதியில விட்டுட்டு ஓடினேன். காலையில உன்னைக் கேட்டேனே, எத்தனை மணிக்குக் கிளம்பினேன்னு."

"ஆமா."

"ஞாபகம் இல்லைன்னு சொன்னே."

"ஆமா."

"அந்தம்மாகிட்ட நான் பேசும்போது பக்கத்துல உக்காந்திருந்தே."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளால் அழ முடிந்திருக்கும். அவன் எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியே போனான். நைரீ கதவுவரை அவன் பின்னால் போனாள். "மதியம் தலைவர் வேலையைப் பத்தி நீ எதோ சொன்னியே ஃபெலெட்டி, இந்தக் காத்துல எனக்குச் சரியா விழல," என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது. "விழலைன்னா விடு," என்ற பதிலும் கேட்டது.

மறுநாள் காலை பத்தே காலுக்கு மார்னி சின்ன அறைக்குள் தனியாகப் போனாள். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"நேத்துதானே ஒரு பையன் பேசினான்," என்றாள் நோலின். "அவனும் தன் தப்புன்னு சொன்னான். உங்க ஆபீஸ்ல இதுக்கு எத்தனை பேர் சொந்தம் கொண்டாடுறீங்க?"

"அவன் தப்பு இல்ல. என்னோடது. அவன் பேருல இருந்துச்சு, அதனால அவன் அப்படி நினைச்சுட்டான்."

"அவன் பேசும்போது நீ எங்கே இருந்தே?"

காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. "பக்கத்துலதான் இருந்தேன்."

"ம்."

"வெட்கமா இருந்துச்சு."

"ரெண்டு மூணு மாசமா நானும் அப்படித்தான் இருந்தேன், கண்ணு," என்றாள் நோலின். "யாருக்கும் சொல்லல. கடைக்குப் போகல. யாராவது நேரம் கேட்டா பயம். காரணமே இல்லாம வெட்கப்பட்டிருக்கேன். உனக்காவது காரணம் இருந்துச்சு."

நோலின் அவளைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை, நல்ல பெண் என்றும் சொல்லவில்லை. மார்னிக்கு அது ஏதோ ஒருவிதத்தில் தாங்கக்கூடியதாக இருந்தது.

"அங்கே இப்போ மணி என்ன?" என்றாள் நோலின் திடீரென்று.

"பத்து இருபது. உங்களுக்குப் பதினொண்ணு அஞ்சு."

"என் கடிகாரமும் அதைத்தான் சொல்லுது." அவள் பெருமூச்சு விட்டாள். "என் பொண்ணுக்கு ஒரு போன் போடு. என் மூளை நல்லாத்தான் இருக்குன்னு நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. நம்பர் எழுதிக்க."

மார்னி அந்த எண்ணையும் அழைத்தாள். மகள் ஒலிபெருக்கியைவிடச் சத்தமாகத் திட்டினாள். மார்னி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

பதிவேட்டில் ஒருமுறை ஏறியதை மாற்ற முடியாது. எல்லோருக்கும் பொதுவான பதிவேடு அது, பழைய வரியைத் திருத்தினால் மற்றவர்களின் வேலை எல்லாம் குலைந்துபோகும். நவம்பர் 28, மதியம் 2:47, ஃபெலெட்டி என்பது அங்கே எப்போதும் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்க மட்டுமே முடியும். அன்று மதியம் மார்னி தன் கணினியில், எதையும் மாற்றாத ஒரு பதிவைச் சேர்த்தாள். அதில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: 'நவம்பர் 28 அன்று சாத்தம் தீவுக் கேள்வியை நிறுத்தியது ஃபெலெட்டி அல்ல, மார்னி.' பெயர் போடும் இடத்தில் தன் பெயரைப் போட்டாள். அனுப்பும் முன் மூன்று முறை படித்தாள்.

பெரிய திரையில் அது மேலே வந்து நின்றது. நானூற்றுப் பதின்மூன்று பச்சை. சாம்பல் என்ற சொல்லே அங்கே இல்லை. அறையில் எல்லோரும் அதைப் படித்தார்கள். ஃபெலெட்டியும் படித்தான். படித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான். ஜூன் மாதக் குழுவுக்கான ஜோடிகளை அவன் பலகையில் எழுதியிருந்தான். அதில் அவள் பெயர் இல்லை.

கதவில் தொங்கிய அட்டையை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஆனால் பேரைச் சொன்னவள் அவள். அந்த வாரம் முழுக்க அவளே டீ போட்டாள். டூகலுக்குப் பால் இல்லாமல். நைரீக்குக் கடுமையாக. ஃபெலெட்டிக்கு மூன்று சர்க்கரை. அவன் மேசையில் வைத்துவிட்டு நகரும்போது அவன் தலையைத் தூக்காமலே "தேங்க்ஸ்" என்பான். மாலையில் எடுக்க வரும்போது கோப்பை வைத்தபடியே நிறைந்திருக்கும். நான்கு நாளும் அப்படித்தான்.

ஐந்தாவது நாள் ஏழு கோப்பைகளையும் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஃபெலெட்டியின் கோப்பை கையில் எடுக்கும்போதே எடை குறைவாக இருந்தது.

பாதி குடித்திருந்தான்.